கலைக்கு வீடு கட்டிய மௌலானா



பீர்க்கன்கரணையில், ஏரிக்கு அருகே உள்ள தெரு ஒன்றில், பிள்ளைகளுக்கு மாலை நேர மக்தப் நடத்திவருபவன் நான். மதரஸாவில் ஓதி முடித்த பின்னர் தபால் வழியில் வரலாறு பயின்று இளங்கலைப் பட்டமும் பெற்றேன். இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

அண்மையில் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு தந்தையும் தாயும் தம் மகளுடன் என்னைக் காண வந்தனர். அப்பிள்ளை எங்கள் மக்தபில் குர்ஆன் ஓதி முடித்தவள். தந்தை நெடுஞ்சாலையோரம் சிறியதாக ஒரு கடை வைத்திருக்கிறார். ஸலாம் சொல்லி அமர்ந்ததும் அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஹஜ்ரத், இவளுக்கு நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.காம். சேர்க்கலாம் என்றால், சரித்திரம்தான் படிப்பேன் என்கிறாள். கல்வெட்டு, பழைய ஏடு, மியூசியம் இதெல்லாம் நமக்கு எதற்கு? கலை, பண்பாடு என்று அரசாங்கம் செய்வதெல்லாம் வேறு ஆட்களுக்காக. நம்மை அங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள்?"

நான் அவரிடம் திருப்பி ஒன்று கேட்டேன். "சுதந்திர இந்தியாவில் இலக்கியம், இசை, ஓவியம், நூலகம், அருங்காட்சியகம் ஆகிய அத்தனையும் முதன்முதலில் எந்த அமைச்சரின் பொறுப்பில் இருந்தன, தெரியுமா பாய்?"

அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மௌலானா ஆசாத். நவம்பர் பதினொன்று, தேசியக் கல்வி தினம்." பெயரும் தேதியும் அவளுக்குத் தெரிந்திருந்தன. பள்ளிக்கூடம் அவ்வளவுதான் சொல்லித் தந்திருந்தது. தந்தைக்கு அதுவும் எட்டியிருக்கவில்லை.

எழுதித் தருகிறேன் என்று அன்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கடனை அடைக்கவே இக்கட்டுரை. அந்தத் தந்தை கேட்ட கேள்வி நம் வீடுகள் பலவற்றிலும் எழும் கேள்வி என்பதால், உங்கள் அனைவரின் முன்னிலையிலும் இதனை வைக்கிறேன்.

பள்ளிக்கூடம் காணாத கல்வி அமைச்சர்

மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1888 நவம்பர் 11ஆம் நாள் புனித மக்காவில் பிறந்தார். தந்தை மௌலானா கைருத்தீன் முரீதுகள் பலரைப் பெற்றிருந்த பெரும் ஆலிம். தாயார் அரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆசாத் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து குடியேறியது.

அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லர். கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. தந்தையார் முதலில் தாமே கற்பித்தார். பின்னர் ஒவ்வொரு கலைக்கும் தேர்ந்த உஸ்தாதுகளை வீட்டுக்கு அழைத்துக் கற்பிக்கச் செய்தார். அரபி, பார்சி, தத்துவம், தர்க்கம், கணிதம் என்று, நம் மதரஸாக்களில் இன்றும் வழங்கும் தர்ஸே நிஜாமியின் வழியில் ஓதினார். மற்றவர்கள் இருபது வயதைத் தாண்டி முடிக்கும் பாடத்தைப் பதினாறு வயதுக்குள் முடித்துவிட்டார்.

பிறகு சர் ஸையித் அஹ்மது கானின் எழுத்துகள் அவர் கைக்குக் கிடைத்தன. நவீன விஞ்ஞானமும் மேலைத் தத்துவமும் அறியாதவன் முழுமையாகக் கற்றவன் ஆகமாட்டான் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றியது. ஆங்கிலம் கற்கத் தீர்மானித்தார். ஒரு மௌலவியிடம் எழுத்துகளைக் கற்றுக்கொண்டபின், பைபிளின் ஆங்கில, பார்சி, உருது மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுத் தாமே படித்தார். அகராதியின் துணையோடு செய்தித்தாள் வாசித்தார். தாம் ஓதிய பழைய பாடத்திட்டம் காலத்துக்குப் போதாது என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். ஆயினும் அந்த ஓதலை அவர் உதறிவிடவில்லை. அதன்மேல் நின்றுகொண்டே அடுத்த வாசலைத் திறந்தார். 'ஆசாத்' என்ற பெயரையும் அவரே சூட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் பழக்கத்திலிருந்து விடுபட்டவன் என்பது அதன் குறிப்பு.

பேனாவும் சிறையும்

1912ஆம் ஆண்டு ஜூலையில் கல்கத்தாவிலிருந்து 'அல்ஹிலால்' என்ற உருது வார இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அந்நிய ஆட்சியை எதிர்ப்பதும், இந்நாட்டின் பிற சமூகத்தாரோடு கைகோத்து நிற்பதும் ஒரு முஸ்லிமின் கடமை என்று அவ்விதழ் எழுதியது. அரசு அதன் ஜாமீன் தொகையைப் பறித்தது. 1914இல் இதழ் நின்றது. அடுத்து 'அல்பலாக்' தொடங்கினார். 1916இல் வங்காளத்தை விட்டே அவரை வெளியேற்றினார்கள். 1919ஆம் ஆண்டின் இறுதிவரை ராஞ்சியில் காவலில் இருந்தார்.

காவலில் இருந்த அந்நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். குர்ஆன் விரிவுரைப் பணியில் ஈடுபட்டார். ராஞ்சியில் ஒரு மதரஸாவையும் உருவாக்கினார். கையில் அதிகாரம் இல்லாத காலத்திலும் அவர் செய்த வேலை இரண்டு: எழுதுவது, கல்விக்கூடம் கட்டுவது. அதிகாரம் வந்த பிறகும் அவர் செய்தவை இவ்விரண்டே.

1923இல் டில்லியில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். அந்தப் பதவிக்கு அதுவரை அவ்வளவு இளம் வயதில் எவரும் வந்ததில்லை. 1940 முதல் 1946 வரை மீண்டும் அவரே காங்கிரஸ் தலைவர். அதில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறையில் கழிந்தன. 1942 ஆகஸ்டில் அகமத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1943 ஏப்ரலில் அவருடைய துணைவியார் ஜுலைகா பேகம் கல்கத்தாவில் நோயுற்று வஃபாத்தானார். நோய் முற்றிய செய்தி வந்தபோது, அரசிடம் ஏதேனும் கோரிக்கை வைக்க விரும்பினால் அனுப்பி வைப்பதாகச் சிறை அதிகாரி சொல்லிப் பார்த்தார். ஆசாத் எதையும் கேட்க மறுத்துவிட்டார். மனைவியின் முகத்தைக் கடைசியாகக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

அச்சிறையில் ஒரு நண்பருக்கு அவர் எழுதி, அனுப்ப வழியின்றி வைத்திருந்த கடிதங்கள் பின்னர் 'குபாரே காதிர்' என்ற நூலாயின. உருது உரைநடையில் தலைசிறந்த நூல்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. தேநீர் அருந்துவது முதல் சிறை அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகள் வரை அதில் எழுதியிருக்கிறார். இசையைப் பற்றி ஒரு நீண்ட கடிதமும் உண்டு. இளமையில் தாம் சித்தார் பயின்றதை அதில் அவர் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். இசை குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை ஒரு மதரஸா ஆசிரியனாகிய நான் அறிவேன். அதற்குத் தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. 'தர்ஜுமானுல் குர்ஆன்' எழுதிய அதே கை இசையைப் பற்றியும் எழுதியது என்பது வரலாறு. நான் சொல்ல வருவது அவ்வளவே.

நாற்காலி கிடைத்தபோது

1947 ஜனவரியில் இடைக்கால அரசில் கல்விப் பொறுப்பை ஏற்றார். ஆகஸ்ட் 15க்குப் பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் ஆனார். 1958 பிப்ரவரி 22இல் வஃபாத்தாகும்வரை பதினோராண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அன்று பண்பாட்டுக்கென்று தனி அமைச்சகம் கிடையாது. கலை, இலக்கியம், நூலகம், தொல்பொருள், ஆவணக் காப்பகம் எல்லாம் கல்வி அமைச்சகத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. ஆகவே நாட்டின் முதல் பண்பாட்டு அமைச்சரும் அவரே எனலாம்.

அவர் பொறுப்பேற்ற காலத்தை நினைவிற்கொள்ளுங்கள். நாடு இரண்டாகப் பிளந்திருந்தது. டில்லித் தெருக்களில் இரத்தம் உலரவில்லை. பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த வீடுகளைப் பூட்டிக்கொண்டு மக்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். 1947 அக்டோபரில் டில்லி ஜாமிஆ மஸ்ஜிதில் திரண்ட முஸ்லிம்கள்முன் அவர் உரையாற்றினார். ஓடுவதை நிறுத்துங்கள், உங்கள் முன்னோர் விட்டுச்சென்ற சின்னங்கள் நிறைந்த இந்த ஊர் உங்களுடையது என்பதே அவ்வுரையின் சாரம். நம்மை இங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு அன்றே அவர் கொடுத்த மறுமொழி அது.

வெறும் பேச்சோடு நின்றிருந்தால் அது ஓர் ஆறுதல் மொழியாகவே போயிருக்கும். அடுத்த பத்தாண்டுகளில் அவர் கட்டிய நிறுவனங்கள் அப்பேச்சுக்குச் சான்றாயின.

மூன்று அகாடமிகள்

முன்பு இசைக்கும் கூத்துக்கும் ஓவியத்துக்கும் புரவலர்களாக இருந்தவர்கள் மன்னர்களும் ஜமீன்தார்களும். மைசூர், தஞ்சை, ராம்பூர், பரோடா என்று அரசவைகள் கலைஞர்களுக்குச் சோறு போட்டன. சமஸ்தானங்கள் மறைந்தபோது கலைஞன் எங்கே போவான்? மக்களாட்சியில் கலையை மக்களே தாங்க வேண்டும்; மக்களின் பெயரால் இயங்கும் அரசுக்கு அந்தக் கடமை உண்டு என்பதே ஆசாத் கண்ட விடை.

1952ஆம் ஆண்டு கல்வி அமைச்சகத்தின் தீர்மானத்தால் சங்கீத நாடக அகாடமி உருவாயிற்று. 1953 ஜனவரி 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதனைத் தொடங்கிவைத்தார். 1954 மார்ச் 12இல் இலக்கியத்துக்கான சாகித்திய அகாடமி. அதே ஆண்டு ஆகஸ்ட் 5இல் ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான லலித் கலா அகாடமி. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளில் மூன்று இல்லங்களுக்கும் திறப்பு விழா நடந்தேறியது.

இவற்றுக்கு யார் யார் தலைமை ஏற்றனர் என்பதில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. சங்கீத நாடக அகாடமியின் முதல் தலைவர் நம் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார், அவர் தெலுங்கில் நாடகங்கள் எழுதியவர். லலித் கலா அகாடமியின் முதல் தலைவர் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாக் கடற்கரையில் பாறையை நெம்பித் தள்ளும் தொழிலாளர் நால்வரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. சாகித்திய அகாடமிக்கு முதல் தலைவர் பண்டித நேரு. துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். இருவரும் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்களே ஆயினும், எழுத்தாளர்கள் என்ற தகுதியிலும் குறைவில்லாதவர்கள்.

உருது இலக்கியத்தில் தமக்கென ஓர் இடம் பெற்றிருந்த மௌலானா, இம்மூன்றில் எதற்கும் தலைவராக அமரவில்லை. வீட்டைக் கட்டினார், சாவியைக் கலைஞர்களிடமும் அறிஞர்களிடமும் ஒப்படைத்தார். பணம் அரசுடையது, எது நல்ல கவிதை, எது நல்ல இசை என்று முடிவு செய்வது அத்துறை அறிந்தவர் பொறுப்பு என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

முதன்முதலாகச் சங்கீத நாடக அகாடமி விருது பெற்ற இசை மேதைகளைப் பாருங்கள். வாய்ப்பாட்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வீணையில் காரைக்குடி சாம்பசிவ ஐயர். இந்துஸ்தானி இசையில் உஸ்தாத் அலாவுத்தீன் கான், உஸ்தாத் முஷ்தாக் ஹுசைன் கான். தெற்கிலிருந்து இருவர், வடக்கிலிருந்து இருவர். நாடு பிளவுண்டு ஐந்தாண்டுகள்கூட நிறைவுபெறாத அக்காலத்தில் அந்த நான்கு பெயர்களும் ஒரே பட்டியலில் நின்றன. ஜாமிஆ மஸ்ஜித் உரையில் அவர் சொன்னதை இப்பட்டியல் வேறொரு விதத்தில் சொல்லிற்று.

ஏனைய பணிகள்

1950இல் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தை நிறுவினார். பிற நாடுகளோடு கலை, கல்வித் தொடர்புகளை வளர்ப்பது அதன் நோக்கம். இதற்கு அவரே தலைவராக இருந்தார். அவருடைய சொந்த நூல்தொகுதி இன்றும் அக்கழகத்தின் நூலகத்தில் காக்கப்படுகிறது.

1951இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி.யைத் தொடங்கிவைத்தார். 1953 பிப்ரவரியில் கல்கத்தா தேசிய நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவைத் தொடங்கிவைத்தார். உயர்நிலைக் கல்வியைச் சீர்செய்ய 1952இல் அமைந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1956இல் யுனெஸ்கோவின் பொது மாநாடு புதுடில்லியில் கூடியபோது மௌலானாவே அதற்குத் தலைமை தாங்கினார். பல்கலைக்கழகப் பட்டத்துக்காக ஒரு நாளும் வகுப்பில் அமராதவர் உலக நாடுகளின் கல்விப் பேரவைக்குத் தலைவரானார்!

இவையனைத்தினும் நம் கவனத்துக்கு உரியது 1954இல் வந்த ஒரு சிறு சட்டம். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்குப் பதிப்பாளர் இலவசமாக அனுப்ப வேண்டும் என்பது அச்சட்டம். அந்த நூலகங்களுள் ஒன்று எழும்பூர்க் கன்னிமாரா நூலகம். ஏதோ ஒரு சிற்றூரில் ஓர் ஆலிம் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அச்சிட்ட நூலுக்கும் அங்கே இடம் உண்டு. அதனைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை உங்கள் பிள்ளைக்கும் உண்டு.

குறைகளும் உண்டு

மௌலானாவைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது சரித்திரம் ஆகாது. பதினான்கு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுகளில் கட்டாய இலவசக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு 1950இல் கூறியது. அந்த இலக்கு அவர் காலத்தில் எட்டப்படவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இல்தான் வந்தது. உயர்ந்த கலாசாலைகள் எழுந்த வேகத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் எழவில்லை. டில்லியில் அகாடமிகள் திறக்கப்பட்ட நாளில், நம் பாட்டிமார்களில் எத்தனை பேர் கைந்நாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

அகாடமிகளிலும் குறையில்லாமல் இல்லை. அரசுப் பணத்தில் இயங்கும் நிறுவனம் அரசின் நிழலிலிருந்து முற்றும் விலகி நிற்பது எளிதன்று. விருதுகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் சர்ச்சைகள் எழுகின்றன. சாவியை ஒப்படைப்பது ஒரு நாள் வேலை. ஒப்படைத்த சாவியைத் திரும்பக் கேட்காமல் இருப்பதோ பின்னால் வரும் ஒவ்வோர் அமைச்சருக்கும் புதிதாக ஏற்படும் சோதனை.

அவருக்குப் பின்

மௌலானாவின் மறைவுக்குப் பின்னர் 1958இல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் பண்பாட்டு அலுவல்களுக்கும் தனி அமைச்சகம் அமைந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் பேராசிரியர் ஹுமாயூன் கபீர். வங்காளக் கவிஞர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர், மௌலானாவின் கல்வி அமைச்சகத்தில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர். மௌலானா உருதுவில் சொல்லச் சொல்ல, அதனைக் கேட்டு ஆங்கிலத்தில் அவருடைய அரசியல் வரலாற்றை எழுதியவரும் இவரே. 1959இல் வெளிவந்த அந்நூலின் முப்பது பக்கங்கள் மட்டும் முத்திரையிட்டு வைக்கப்பட்டு, மௌலானா மறைந்து முப்பதாண்டுகள் கழித்து 1988இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

1959 ஜூலை இறுதியில் சென்னைக் கிண்டியில் ஐ.ஐ.டி.யைத் தொடங்கிவைத்தவர் இந்த ஹுமாயூன் கபீர்தாம். ஒருவர் மதரஸாப் பாடம் ஓதியவர். மற்றவர் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். இருவரும் ஒரே பணியை அடுத்தடுத்துச் சுமந்தனர். மௌலானாவுக்கு 1992இல் நாடு பாரத ரத்னா விருதளித்தது. அவர் பிறந்த நாளை 2008 முதல் தேசியக் கல்வி தினமாகக் கொண்டாடுகிறது.

அந்த வீட்டுக்குள் நம்மவர்

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். நம்மை அங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள் என்றார் அவர்.

மௌலானா கட்டிய சாகித்திய அகாடமியின் தமிழ் விருதை முதன்முதல் 1955இல் பெற்றவர் 'தமிழின்பம்' எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளை. அதே விருது 1997இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகத் தோப்பில் முஹம்மது மீரானுக்குக் கிடைத்தது. தேங்காப்பட்டணத்துக் கடலோர முஸ்லிம்களின் வாழ்க்கையை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதியவர் அவர். பள்ளியில் மலையாளம் படித்தவர். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். கடைக்காரராக இருந்துகொண்டே எழுதியவர் என்பதை அந்தத் தந்தை கவனிக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1999இல், 'ஆலாபனை' கவிதை நூலுக்காகக் கவிக்கோ அப்துல் ரகுமான் அவ்விருதைப் பெற்றார். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். கவிக்கோ 2017இலும் மீரான் 2019இலும் மறைந்தார்கள்.

திருவரங்கத்தில் வாழ்ந்த நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவும் சங்கீத நாடக அகாடமியின் விருதைப் பெற்றவரே. ஒரு மௌலானா கட்டிய வீட்டில் இன்னொரு மௌலானாவுக்கு மாலை விழுந்தது! இவர்களில் எவரும் முஸ்லிம் என்பதற்காகச் சலுகையில் நுழைந்தவர் அல்லர். தத்தம் துறையில் சிறந்தார்கள், வாசல் திறந்திருந்தது, உள்ளே சென்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

வாசகப் பெருமக்களே! தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் வாழும் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறுங்கள். கிண்டி நிலையம் வரும்போது, ஹுமாயூன் கபீர் தொடங்கிவைத்த ஐ.ஐ.டி. இந்தக் கிண்டியில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலைக்கு நடந்து செல்லுங்கள். அங்கே அருங்காட்சியகமும் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் ஒரே வளாகத்தில் உள்ளன. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, திறந்திருக்கும் நேரத்தில் செல்லுங்கள். நேரம் இருந்தால் அங்கிருந்து பஸ் ஏறி மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையையும் காட்டுங்கள். அதைச் செய்தவரே ஓவியத்துக்கான அகாடமியின் முதல் தலைவர் என்று கூறுங்கள்.

திரும்பி வரும் வழியில் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். நாட்டின் கலைகளுக்கு முதற் காவலராக அமர்ந்தவர், நீ மாலையில் ஓதும் அதே அலிஃப், பே தொடங்கி ஓதியவர்.

அந்தக் கடைக்காரச் சகோதரருக்கு என் மறுமொழி இதுதான். சரித்திரம் படித்தால் உடனே வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள் என்றால், உறுதி சொல்ல என்னால் முடியாது. நானே அப்பட்டத்தை வைத்துக்கொண்டு மக்தப் நடத்துபவன். ஆசிரியப் பணி உண்டு. தொல்லியல் துறை உண்டு. நூலகப் பணி உண்டு. அரசுத் தேர்வுகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேற்படிப்பும் உழைப்பும் வேண்டும். வீட்டு நிலைமையை எண்ணிப் பி.காம். என்று நீங்கள் முடிவு செய்தால் அதில் குற்றம் காண நான் யார்? மகளோடு உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால், நம்மை அங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற காரணத்தை மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவள் மனத்தில் விழுந்துவிட்டால், நாளை அவள் தன் பிள்ளைக்கும் அதையே சொல்வாள். வெளியிலிருந்து எவரும் பூட்டாத கதவை நாமே உள்ளிருந்து தாழிட்டதாகிவிடும். எங்களுக்கு இடம் தாருங்கள் என்று வெளியே நின்று கேட்டவரல்லர் மௌலானா. இடத்தைக் கட்டி, எல்லோருக்குமாகத் திறந்துவைத்துவிட்டுப் போனவர். டில்லி ஜாமிஆ மஸ்ஜிதின் அருகே, ஓடாதீர்கள் என்று அவர் உரையாற்றிய அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இன்று அடங்கியிருக்கிறார்.

வல்ல அல்லாஹ் அவருடைய கப்றை ஒளிமயமாக்குவானாக! நம் பிள்ளைகளின் நெஞ்சங்களை விசாலமாக்குவானாக! ஆமீன்.